நன்றியுரையில் இல்லாத பெயர்

காலை ஏழு நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. கிளெமென்ட் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து, கையில் பேனாவோடு போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். யார் என்று பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? பதினோரு மாதமாகக் காலையில் வந்து மணி அடிக்கிறவள் ஒருத்திதான். கதவைத் திறந்துவிட்ட கையோடு திரும்பி நடந்தார்.

"குட் மார்னிங் சார்," என்றாள் சரளா.

"பத்து நிமிஷம் லேட்டு."

"மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸே வரல சார். நின்னு நின்னு காலு வலிச்சுப்போச்சு."

அவர் பதில் சொல்லாமல் மேசையில் போய் உட்கார்ந்தார். சரளா செருப்பை வெளியில் விட்டு, கைகால் கழுவிக்கொண்டு, உள்ளறைக்குப் போனாள். "குட் மார்னிங் மேடம், ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று அவள் கேட்பது வெளியில் கேட்டது. அதற்கும் பதில் வரவில்லை. ஆனால் அங்கே பதில் வராததற்குக் காரணம் வேறு.

கட்டிலில் கிடந்த மௌரீன், கிளெமென்டின் மனைவி. முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து, ஆயிரம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த வாய். போன வருடம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தவளுக்கு இடது பக்கம் போனது, பேச்சும் போனது. வலது கையும் இரண்டு கண்களும் மிச்சம். இரண்டு மாதம் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வாயால் விழுங்க எப்படிப் பழக்குவது என்று நான்கு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். சரளா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். கிளெமென்ட் அந்த நான்கு நாளும் வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவர்களுடைய சர்ச்சில் பங்குத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

வீட்டிலும் அப்படித்தான். மனைவியின் கடைவாயில் கஞ்சி வழிவதைப் பார்க்க அவருக்குச் சகிக்காது. சரளா கிண்ணத்தோடு உள்ளே போனால் இவர் கதவைச் சாத்திவிட்டுப் பேப்பர் வாங்கக் கிளம்பிவிடுவார். முக்கால் மணி கழித்துத் திரும்பினால் கிண்ணம் காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருக்கும். எப்படிக் காலியாயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

மேசைமேல் விரிந்திருந்த நோட்டில் 'நன்றியுரை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்தப் பங்கில் நன்றியுரை என்றால் கிளெமென்ட் என்று ஆகி இருபத்தைந்து வருடம் இருக்கும். ஆலயத் திருவிழா, ஃபாதரின் பிறந்தநாள், அன்பியம் என்கிற பங்குக் குடும்பக் குழுவின் ஆண்டு விழா, பூப்பந்துப் போட்டி, எதுவானாலும் கடைசியில் மைக் அவர் கைக்கு வந்துவிடும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் பெரியோர்கள்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். ஆயர் முதல் பிரியாணி அண்டா இறக்கிவைத்தவர் வரை ஒரு பெயர் விடமாட்டார். ஒருமுறை ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வந்தவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். அந்த மனிதர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளெமென்ட் நன்றி சொன்னால் வயிறு நிறைந்துவிடும் என்று பங்கில் பேசிக்கொள்வார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான். வீட்டுக்குள் அவருக்கு வேறு ஒரு சட்டம் இருந்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் பர்சேஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த சரக்கு சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிட வேண்டும். குறை இருந்தால் மட்டும்தான் கடிதம் எழுத வேண்டும். இந்த ஆபீஸ் வழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முப்பத்தொன்பது வருடம் மௌரீன் காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை குறைந்த நாளில் சொன்னார். சரியாக இருந்த நாளில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அவள் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு, "ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "நல்லா இருக்கிறதுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார் இவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது எழுதிக்கொண்டிருந்தது சொந்த விசேஷத்துக்கான நன்றியுரை. வருகிற சனிக்கிழமை அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். மாலையில் நன்றித் திருப்பலி, பிறகு பங்கு மண்டபத்தில் விருந்து. மகன் ஷெர்வின் மெல்போர்னில் இருந்து வீடியோவில் வருவான். மௌரீனை சக்கர நாற்காலியில் மேடை ஏற்றுவது என்று முடிவாகியிருந்தது.

அதைச் சாத்தியமாக்கியவள் சரளா. முக்கால் மணிக்கு மேல் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுகிற உடம்பை, இரண்டு வாரமாகத் தினமும் ஐந்து ஐந்து நிமிடம் கூட்டிக் கூட்டி, இரண்டு மணி நேரம் உட்காரப் பழக்கியிருந்தாள். சனிக்கிழமை வந்தது. மத்தியானம் ஊட்டி முடித்ததும் அவளுக்கு லீவு. ஆனாலும் தன்னுடைய நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, மௌரீனுக்குத் தலை வாரி, மல்லிகை வைத்து, அந்தப் பழைய கல்யாணப் பட்டைச் சுருக்கம் இல்லாமல் உடுத்தி, மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மௌரீன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பலபேர் அசந்துபோனார்கள்.

மேடையில் எல்லாரும் போட்டோவுக்கு நின்றார்கள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரளாவும் நின்றாள். மௌரீன் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவளுக்குத்தானே தெரியும்.

"சரளா, நீ கொஞ்சம் தள்ளிக்கோ. ஃபிரேம்ல விழற," என்றார் கிளெமென்ட்.

அவள் படி இறங்கிக் கீழே நின்றாள்.

பிறகு நன்றியுரை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஆரம்பித்தார். ஃபாதர், உதவிப் பங்குத்தந்தை, பாடகர் குழு, டாக்டர், மெல்போர்னில் நடுராத்திரி தாண்டியும் விழித்திருக்கும் மகன், எதிர்வீட்டு லீனா, சமையல்காரர், மைக்செட் பிரகாஷ், பூ அலங்காரம், வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திய பையன்கள். முப்பத்தொரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். "யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று அவர் வழக்கம்போல முடித்தபோது, மௌரீனின் வலது கை அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தது. "ஆ... ஆ..." என்று ஒரு சத்தம். அந்தக் கை கீழே நின்றிருந்தவளை நோக்கி நீண்டது.

கிளெமென்ட் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே குனிந்து, "சரளா, பாத்ரூம் போணும் போல இருக்கு. கூட்டிட்டுப் போ," என்றார்.

மௌரீன் கண்களை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்துவிட்டு வழக்கம்போல உள்ளே நடந்தவர், அன்றைக்குத் திரும்பி வந்தார். கையில் பட்டுப்புடவை.

"இது என்ன பாரு. பாயசக் கறை. நாப்பது வருஷப் பட்டு இது. பக்கத்துலயேதான இருந்த, கவனம் எங்க போச்சு?"

சரளா புடவையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். குரல் உயர்த்திப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"சார், பதினோரு மாசமா வரேன். என்னிக்காவது 'சாப்ட்டியா'ன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கீங்களா?"

"அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறேனே!"

"குடுக்கறீங்க சார். இல்லன்னு சொல்லல." அவள் புடவையை வாங்கி மடித்தாள். "நாளையிலேந்து வேற ஆளு பாத்துக்குங்க சார். பிரேசர் டவுன்ல ஒரு வூட்ல ரொம்ப நாளா கூப்புடறாங்க. அம்மாக்காகத்தான் போவாம இருந்தேன்."

கிளெமென்டுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கு மனசாட்சியில் தைக்கவில்லை, ரோஷத்தில் தைத்தது. "தாராளமா போ. பெங்களூர்ல ஆளுக்கா பஞ்சம்?"

"சரிங்க சார். ஊட்டறது எப்பிடின்னு மட்டும் காட்டிட்டுப் போறேன், உள்ள வாங்க. அம்மாக்கு எல்லார் மாதிரியும்..."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். வாயில வெச்சா முழுங்கப் போறா. இதுல என்ன பெரிய வித்தை?"

அன்று முழுக்க அவள் வழக்கம்போல வேலை செய்தாள். சாயங்காலம் ஊட்டி முடித்து, மௌரீனின் நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். மருந்து அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "வரேன் சார்," என்றாள். கிளெமென்ட் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய வாட்ஸ்அப்பில் சரளாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து நின்றது. மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. அவர் அதைப் பார்த்தார். வேலை கேட்டுத் திரும்ப வருகிறாள், கெஞ்சட்டும், இரண்டு நாள் கழித்துக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அதன்மேல் முப்பது நாற்பது செய்திகள் வந்து விழுந்தன. விழா போட்டோக்கள், வாழ்த்துகள். அது கீழே போய்விட்டது.

அன்றைக்கே ஒரு ஏஜென்சி மூலம் ஷில்பா வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பொறுப்பானவள்தான். முதல் நாளே கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அங்கிள், மேடம்கெ ஹேகெ தின்னிசோது?" என்று கேட்டாள். எப்படி ஊட்டுவது என்று அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் இவர் ஒருத்தர்தான். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர்.

கிளெமென்ட் விழித்தார். பிறகு, "எல்லாரும் சாப்பிடற மாதிரிதான்மா," என்றார்.

ஷில்பா இரண்டு தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்கவைத்து, இட்லியைச் சாம்பாரில் குழைத்து ஊட்டினாள். நடுநடுவே டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். மௌரீனுக்குப் புரை ஏறியது. கண்ணில் நீர் வழிய இருமினாள். அடுத்த வேளை வாயைத் திறக்கவில்லை. "பிடிவாதம்," என்றார் கிளெமென்ட், "கொஞ்சம் கொஞ்சமாக் குடு." மூன்றாம் நாள் இருமல் நிற்கவே இல்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. மௌரீனின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் மணி அடிக்கிறபோதெல்லாம் முகம் மலர்ந்து, உள்ளே வருகிற ஆளைப் பார்த்ததும் வாடியது. அதை ஷில்பா கவனித்தாள். கவனித்திருக்க வேண்டியவர் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சாப்பாடு லங்ஸுக்குள்ள போயிருக்கு. இன்ஃபெக்‌ஷன் நல்லா பரவிடுச்சு. வீட்ல யார் ஃபீட் பண்றது?"

"நர்ஸ் மாத்தினோம் டாக்டர்."

"பழைய ஆள் எப்படிக் குடுத்தாங்கன்னு புது ஆளுக்கு யாரும் சொல்லலையா?"

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிற மனிதர்.

நான்கு நாள் போராடினார்கள். நான்காம் நாள் மத்தியானம் மௌரீன் கண் விழித்தாள். உதடு வெடித்து வறண்டிருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றலாம் என்று சிஸ்டர் சொன்னாள். கிளெமென்ட் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, மனைவியின் உதட்டை நனைத்தார். நாற்பது வருடத்தில் அவர் கையால் அவள் வாய்க்குப் போன முதல் ஆகாரம் அந்த ஈரம்தான்.

மௌரீன் அவரைப் பார்த்தாள். அவளுடைய வலது கை அவர் விரல்களைத் தேடிப் பிடித்தது. ஒருமுறை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது.

"சிஸ்டர்! கை இழுக்குது, ஃபிட்ஸ் மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினார் கிளெமென்ட்.

சிஸ்டர் ஓடி வந்து, அந்தக் கையைப் பிரித்தெடுத்துப் போர்வைக்குள் வைத்து, மருந்து ஏற்றினாள். அன்று மாலை ஐந்து மணிக்கு மௌரீன் போய்விட்டாள்.

கல்லறையில் நல்ல கூட்டம். அடக்கம் முடிந்ததும் குடும்பத்தார் சார்பில் யாராவது வந்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். மெல்போர்னிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஷெர்வினுக்கு வாய் எழவில்லை. கிளெமென்ட் முன்னால் வந்தார். பழக்கம் எத்தனை பொல்லாதது பாருங்கள், அங்கேயும் நாக்கு தானாகப் புரண்டது. ஃபாதர், பாடகர் குழு, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், எதிர்வீட்டு லீனா. சொல்லிக்கொண்டே வந்தவர் வாசல் கேட் பக்கம் பார்த்தார். லீனா சொல்லித் தெரிந்து வந்திருந்தாள் போல, சரளா அங்கே நின்றிருந்தாள். கையில் ஒரு முழம் மல்லிகை. அவள் பெயரைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நிமிர்ந்தபோது அவள் இல்லை. எல்லாரும் கலைந்த பிறகு பார்த்தால் அந்தப் பூ மட்டும் மண்மேட்டின் ஓரத்தில் இருந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஷெர்வின் ஊருக்குத் திரும்பினான். வீடு வெறிச்சென்று ஆனது. மத்தியானம் போனில் போட்டோக்களை அழித்துக்கொண்டே போனவர், கேட்காமல் விட்ட அந்தக் குரல் செய்தியில் வந்து நின்றார். அதை அழுத்தினார்.

"சார், சரளா பேசறேன். நேத்து நீங்க சொல்லவுடல, அதான் இதுல சொல்றேன். அம்மாக்குப் படுக்க வெச்சு ஊட்டக் கூடாது சார். நல்லா நிமித்தி ஒக்கார வைக்கணும். எடது பக்கம் வாயில உணர்ச்சி இல்ல, சோத்தாங்கைப் பக்கமாத்தான் வைக்கணும். டீஸ்பூன்ல பாதி, அதுக்கு மேல வேணாம். மோவாயி நெஞ்சுப் பக்கம் குனிஞ்சாப்ல இருக்கணும். தொண்டையில லேசா வெரல வெச்சுப் பாருங்க, எறங்கறது தெரியும். ஒரு வாயிக்கு ரெண்டு வாட்டி முழுங்குவாங்க. ரெண்டாவது எறங்கினப்பறந்தான் அடுத்த ஸ்பூனு. ஜல்தி பண்ணாதீங்க சார். தண்ணிய வெறுமன குடுக்காதீங்க, பொரை ஏறிடும். கஞ்சி பதத்துக்குக் கெட்டியா இருக்கணும். முக்கா மணி ஆவும். அவுங்க மேல கோவிச்சுக்காதீங்க, பாவம், வாயத் தெறக்கலன்னா ஒரு பாட்டுப் பாடுனா தெறப்பாங்க. புது ஆளு வந்தா இதப் போட்டுக் காட்டுங்க. வெச்சிடறேன் சார். அம்மாவ நான் கேட்டேன்னு சொல்லுங்க."

கிளெமென்ட் மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். வேலை கேட்டு ஒரு வார்த்தை அதில் இல்லை. அவமானப்பட்டுப் போனவள், தன்னை அவமானப்படுத்தியவனுடைய மனைவி உயிரோடு இருக்க வேண்டும் என்று வழி சொல்லியிருக்கிறாள். அந்த வழி இரண்டு வாரத்துக்கும் மேலாக அவருடைய சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அவர் அன்று தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தேற்ற யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கிளம்பினார். போலீஸ் வெரிஃபிகேஷனுக்காக வாங்கி வைத்த சரளாவின் ஆதார் நகல் பீரோவில் கிடந்தது. ஒக்கலிபுரம் என்று முகவரி. அவள் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வழியில் ஒரு சால்வை வாங்கினார். நன்றி என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

சந்துக்குள் விசாரித்துப் போனபோது, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டு வாசலில் ஒருவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரளாவின் கணவர் முனிராஜ். விஷயம் தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க சார், உள்ள வாங்க," என்று இருந்த ஒரே நாற்காலியைத் தட்டிப் போட்டார். சரளா உள்ளேயிருந்து வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "சாப்ட்டீங்களா சார்?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். பூப்போட்ட பீங்கான் கப். வீட்டில் இருந்ததிலேயே நல்ல கப் அதுதான் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் வீட்டில் இவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் மக், சிங்குக்கு அடியில் தனியாகக் கவிழ்த்திருக்கும்.

"சரளா, நீ அனுப்பினத நேத்து... இல்ல, முந்தாநாள்தான்மா கேட்டேன்."

அவள் புரிந்துகொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் சால்வையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். "தப்பு பண்ணிட்டேன். முப்பத்தொரு பேர் பேரைச் சொன்னேன், உன் பேரை விட்டுட்டேன். இத நீ வாங்கிக்கணும். வர்ற திருவிழாவுல எல்லார் முன்னாடியும்..."

"வேணாம் சார்." அவள் பின்னால் நகர்ந்தாள். "மைக்ல எம்பேரு வந்து எனக்கு இன்னா ஆவப்போவுது? அன்னிக்கு நீங்க சொல்லாததுக்கு நான் வேலைய வுடல சார். தெனமும் கதவத் தெறப்பீங்க. ஒரு நாளு என் மூஞ்சியப் பாத்துத் தெறந்ததில்ல. நாய் வந்தாக்கூட யாரு வந்துச்சுன்னு பாப்பாங்க."

"சரளா, போதும்," என்றார் முனிராஜ் மெதுவாக.

"இல்லீங்க, சொல்லிடறேன். மனசுல வெச்சிருந்தா எனக்குத்தான் பாரம்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அம்மாக்குப் பேச்சு இல்ல சார். ஆனா தெனமும் ஊட்டி முடிச்சதும் என் கையப் புடிச்சு ரெண்டு வாட்டி அழுத்துவாங்க. வாயத் தொடச்சு வுட்டாலும் ரெண்டு. தலைய வாரி வுட்டாலும் ரெண்டு. மொதல்ல வலிக்குதோன்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, தேங்க்ஸ் சொல்றாங்கன்னு. அந்த ரெண்டு அழுத்துக்குத்தான் சார் பதினோரு மாசம் பஸ்ஸப் புடிச்சு வந்தேன்."

கிளெமென்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சால்வை மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

"ரெண்டு வாட்டியா?"

"ஆமா சார். ஏன்?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். ஈரப் பஞ்சு, வெடித்த உதடு, விரல்களைத் தேடிப் பிடித்த கை. அவள் கடைசி நன்றியை அவருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருடத்தில் அவர் ஒரே ஒருமுறை உதட்டை நனைத்ததற்கு, சாகிற வேளையிலும் மறக்காமல் நன்றி சொல்லியிருக்கிறாள். இவர் ஃபிட்ஸ் என்று கத்தி, அந்தக் கையைப் போர்வைக்குள் வைக்க விட்டிருக்கிறார். இதைத் திக்கித் திக்கி அவர் சொல்லி முடித்தபோது சரளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முனிராஜ் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லம்மா," என்றார் கிளெமென்ட். "ஒரு காபிக்குக்கூட."

சரளா குனிந்து சால்வையை எடுத்தாள். மடித்து அவர் கையில் திரும்ப வைத்தாள்.

"நன்றிய சேத்து வெச்சு ஒரு நாளு மேடையில சொல்றதில்ல சார். அப்பப்ப, அந்த நிமிஷமே, பக்கத்துல இருக்கறவுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிடணும். நாளைக்குச் சொல்லலாம்னு வெச்சா, கேக்கறதுக்கு ஆளு இருக்க மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "தேங்க்ஸ்மா," என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக மைக் இல்லாமல் சொன்னார். சரளா கை கூப்பினாள். ஆனால் அந்தச் சொல் ஒரு ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது, இன்னொரு ஆளுக்குச் சேரவில்லை என்பது அங்கே இருந்த மூவருக்கும் தெரிந்தது.

ஆஸ்டின் டவுனில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் படியேறி, தானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மேசைமேல் நோட்டு விரிந்தபடி கிடந்தது. அதை மூடிவைத்தார். உள்ளறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சரளா இருந்த வரைக்கும் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. மௌரீனின் வலது கை வழக்கமாக இருக்கும் இடத்தில் தன் கையை வைத்து, இரண்டு முறை அழுத்தினார். மெத்தை அழுந்தி எழுந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.